நூலைக் கையில் எடுத்த பிள்ளைகளுக்கு

மக்களே,

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பிள்ளைகளை இப்படித்தான் கூப்பிடுவோம். வயதானவள் உரிமை எடுத்துக்கொள்கிறேன். வாழ்க்கைப்பட்டுக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து, இங்கேயே தையல் டீச்சராக வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாயிற்று. ஊசி கோக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. முடிச்சுப் போட மட்டும் கண் வேண்டியதில்லை, விரல் போதும். அதனால் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பஜார் ரோட்டுக்கு மிளகும் சுக்கும் வாங்க வந்தவர்களைத்தான் முன்பெல்லாம் பார்ப்போம். 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து வேறொரு கூட்டமும் வருகிறது. கயிறு எங்கே கிடைக்கும், பழைய கோணிச்சாக்கு கிடைக்குமா, கிழிந்த சேலை தருவீர்களா என்று கேட்டு வரும் இளம்பிள்ளைகள். கேட்டால், சிற்பம் செய்யப் போகிறோம் என்கிறார்கள். கல்லில் இல்லை, மரத்தில் இல்லை, நாரில். "எதைப் பற்றி?" என்றால் சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள், சிலர் தரையைப் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றி. தன் மனசைப் பற்றி. தூக்கம் வராத இரவு, காரணம் இல்லாமல் வரும் பயம், வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத சோர்வு, இவற்றுக்கு ஓர் உருவம் கொடுக்கப் பார்க்கிறார்கள். இதை மனசாரப் பாராட்டுகிறேன். எங்கள் தலைமுறைக்கு இது வாய்க்கவில்லை. ஆனால் சில விஷயங்கள் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, "டீச்சரம்மா, இது கலையா, கைவேலையா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இந்தக் கவலையை விட்டுவிடுங்கள். நம் பாட்டிமார் வெண்ணெய்ப் பானையைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிட உறி பின்னினார்கள். பானை உருளாமல் இருக்க வைக்கோலை முறுக்கிப் புரிமணை செய்தார்கள். ஒரு கயிறு காற்றில் வடிவம் எடுத்து நிற்பதைத் தமிழ் வீடுகள் எத்தனையோ தலைமுறையாகப் பார்த்துவிட்டன. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று படித்தவர்கள் முடிவு செய்யட்டும். கை வேலையைத் தொடங்கட்டும்.

மிருணாளினி முகர்ஜி என்ற பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1949இல் பிறந்தவர். சாந்திநிகேதனின் பெரிய ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் மகள். அம்மா லீலாவும் சிற்பி. பரோடாவில் படித்தபோது அவருக்கு ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924இல் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த அந்த மனிதர் கைத்தறித் துறையில் வேலை பார்த்தவர், நாட்டுப்புறக் கைவேலைக்கும் ஓவியத்துக்கும் நடுவே வேலி போடாதவர். அவரிடம் படித்த பெண் கயிற்றைக் கையில் எடுத்ததில் ஆச்சரியம் இல்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து மிருணாளினி சணல் கயிற்றை வாங்கி, பிரித்து, சாயம் தோய்த்து, முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்தையும் தாண்டிய உருவங்களைச் செய்தார். நாகதேவதை, தேவி, யக்ஷி, வனஸ்ரீ என்று பெயர். ஒன்று முடிக்கப் பல மாதங்கள், சிலவற்றுக்கு ஒரு வருடம்கூட ஆகும். அந்தக் காலத்தில் பலர் அதைச் சிற்பம் என்று ஏற்கத் தயங்கினார்கள். பூந்தொட்டி தொங்கவிட மேக்ரமே பின்னுகிற சமாச்சாரம்தானே என்று நினைத்தவர்களும் உண்டு. அவர் யாரோடும் வாதாடிக் காலத்தைப் போக்கவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்தார். கயிற்றிலிருந்து பிற்பாடு மண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போனார். டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே, 2015 பிப்ரவரியில் காலமானார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2019இல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

அவரிடம் நான் உங்களுக்காக எடுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்று. அவர் வரைபடம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. இரும்புச் சட்டம் ஒன்று தாங்குவதற்கு இருக்கும். மற்றபடி முடிச்சு போகிற போக்கில் உருவம் வளரும். இது தன்னைப் பற்றிச் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையான பாடம். நான் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால் அதைச் செய்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன? தெரியாததால்தானே கயிற்றை எடுத்தோம்.

என் வீட்டு மாடியில் கொஞ்ச காலம் ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம். பெயர் வேண்டாம். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவத்தைத் தென்னங்கயிற்றில் செய்ய வேண்டும் என்று அழகாகப் படம் வரைந்து வைத்திருந்தாள். கம்பியால் எலும்புக்கூடு மாதிரி ஒன்று கட்டி, இடுப்பிலிருந்து கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். முதுகு வரை சரியாக வந்தது. தோளுக்கு வந்ததும் உருவம் இடது பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. கயிறு கனமானது, இடது கைக்காரி அவள், ஒரு பக்கம் மட்டும் இறுக்கிப் போட்டிருக்கிறாள். பிரித்துவிட்டு நேராகச் செய்யப் போகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். "ரெண்டு நாள் அப்படியே கெடக்கட்டும், பாரு" என்றேன். மூன்றாம் நாள் காலையில் காபி குடிக்கக் கீழே வந்தவள், "டீச்சரம்மா, நான் தூக்கம் வராத ராத்திரியில சுவர்ல சாஞ்சு இப்படித்தான் உக்காந்திருப்பேன். இடது தோள் சுவர்ல பட்டுட்டு இருக்கும்" என்றாள். அவள் வரைந்த படத்தில் இருந்தவள் நிமிர்ந்து அழகாக உட்கார்ந்திருந்த வேறு யாரோ. கயிறு காட்டியது இவளை. பிறகு மார்புப் பகுதியை மூடாமல் விட்டாள். உள்ளே சிவப்பு நூல் கொஞ்சம் வைத்து, அதன் நுனிகளை வெளியே தொங்கவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கேட்காமல் இருப்பதும் ஒரு பழக்கம், மக்களே. ஒருவர் நூலால் சொன்னதை வாயாலும் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

இனி பொருளைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் பிள்ளைகள் அவசரப்படுகிறீர்கள். செல்போனில் படம் பார்த்துவிட்டு, ஆன்லைனில் மெத்தென்ற வெள்ளைப் பருத்திக் கயிறு வரவழைக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் கொச்சியில் இருந்துகொண்டு தென்னை நாரைத் தொடாமல் போவது எனக்கு வருத்தம். கயிறு வாரியத்தின் தலைமையகமே இந்த ஊரில்தான், எர்ணாகுளத்தில், இருக்கிறது. பச்சை மட்டையைக் காயல் தண்ணீரில் ஆறு மாதம், எட்டு மாதம் ஊறப்போடுவார்கள். அழுகிக் கறுத்து நாறும். பெண்கள் அதை எடுத்து மரக்கட்டையால் அடித்து நாரைப் பிரிப்பார்கள். அந்த நாற்றத்திலிருந்து வெளியே வருகிற நார் பொன் நிறத்தில் இருக்கும். அதை ராட்டில் திரித்தால் கயிறு. தொட்டால் சொரசொரவென்று குத்தும். முதல் வாரம் விரல் நுனி சிவந்துவிடும், பிறகு தோல் பழகிக்கொள்ளும். சணல் தூசி பறக்கும், தும்மல் வரும், ஆனால் சாயத்தை நன்றாகக் குடிக்கும். பருத்தி சொன்னபடி கேட்கும். கேட்கிறதே என்று அதை மட்டும் வைத்துக்கொண்டால் கைக்கு எதிர்ப்பு என்பது தெரியாமலே போய்விடும். உங்களுக்குள் முரண்டு பிடிக்கிற ஒன்றைச் செய்ய நினைத்தால், முரண்டு பிடிக்கிற நாரைத் தேடுங்கள். பழைய சேலை என்றால் அது வேறு. அதில் ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்திருக்கிறார்.

கோட்டைக் கொச்சியில் வெளி என்ற இடத்தில் இருக்கும் சலவைத் துறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். துணி காயப்போட அவர்களுக்கு கிளிப் வேண்டாம். இரண்டு புரி முறுக்கிய கயிற்றைக் கொஞ்சம் நெகிழ்த்தி, துணியின் முனையை நடுவே செருகி விடுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் கயிற்றின் முறுக்கே துணியைப் பிடித்துக்கொள்ளும். கயிறு என்ன செய்யும் என்பதை அரை மணி நேரம் அங்கே நின்றாலே கற்றுக்கொள்ளலாம். எந்தக் கலைக் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவார்களா தெரியாது.

பொருளுக்கே வலி இருக்கும்படி செய்தவர் பெங்களூரின் ஷீலா கவுடா. 1990களின் கடைசியில் நீளநீளமான நூல்களை ஊசிக் காதில் கோத்து, பசையும் குங்குமமும் பூசி, திரண்ட சிவப்புக் கயிறாக்கிக் கூடம் முழுவதும் தொங்கவிட்டார். அதன் நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். என் வலியை அவனிடம் சொல் என்று அதற்குப் பெயர். ஊசியோடு காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத வேலை அது. முதல் பினாலேயில் அவரும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் இங்கே ஆஸ்பின்வால் ஹவுஸில் 170 பழைய அரைக்கும் கற்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீடுகளில் வேண்டாம் என்று வெளியே போடப்பட்ட கற்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் கை தேய்ந்திருந்தது.

இப்போது என் அத்தையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அப்பாவின் தங்கை. கோட்டாற்றில் எங்களுக்கு நூல் வியாபாரம். அத்தை நெசவுக்குத் தார் சுற்றுவதில் கெட்டிக்காரி. நெசவுக்காரர்கள் அவள் சுற்றிய தார் என்றால் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். கைக்குழந்தை காய்ச்சலில் போன பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பின்கட்டு அறையில் இருந்தாள். தான் கட்டியிருந்த சேலையின் ஓரத்திலிருந்து இழை இழையாக உருவி, கையில் கிடைத்ததன்மேல் எல்லாம் சுற்றுவாள். கரண்டி, உடைந்த சாவி, கூழாங்கல், ஒரு சின்னக் கொலுசு. சுற்றிச் சுற்றி உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதபடி ஆக்கிவிடுவாள். சேலையைப் பாழாக்குகிறாள் என்று திட்டுவார்கள். பைத்தியத்தின் வேலை என்று பிடுங்கி எறிவார்கள். பிறகு நூலே அவள் கைக்குக் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் வெறும் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் இறந்த பிறகு பாயோடு சேர்த்து அந்தப் பொட்டலங்களையும் எரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் கொடியவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பல வருடங்கள் கழித்து ஜூடித் ஸ்காட் என்ற அமெரிக்கப் பெண்ணின் சிற்பங்களைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1943இல் டவுன் குறைபாட்டோடு பிறந்தவர். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி ஜாய்ஸுக்கு எந்தக் குறையும் இல்லை. ஜூடித்தை ஏழு வயதில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். அவருக்குக் காது கேட்காது என்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. பேசினால் புரிந்துகொள்ளாத பிள்ளை, படிக்கவைத்துப் பயனில்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். அப்படியே முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் போயிற்று. 1980களின் நடுவில் ஜாய்ஸ் போய் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, 1987இல் ஓக்லாந்தில் இருக்கும் கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்தில் சேர்த்தார். அங்கே வண்ணம் கொடுத்தார்கள், காகிதம் கொடுத்தார்கள். நெடுநாள் எதிலும் அவருக்கு ஈடுபாடு வரவில்லை. யாரும் அவரை அனுப்பிவிடவும் இல்லை. பிறகு ஒருநாள் நார்க்கலை வகுப்பு நடந்த இடத்தில் நூலைக் கண்டார். குச்சி, கம்பி, சக்கரம், கிடைத்த எதை வேண்டுமானாலும் எடுத்து நூலால் சுற்றத் தொடங்கினார். 2005இல் இறக்கும் வரை நிறுத்தவில்லை. இருநூறுக்குக் குறையாத சிற்பங்கள். அவற்றில் சில இரட்டை உருவங்களாகவே இருக்கும், ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சுற்றியது. எந்த ஒன்றைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. என் அத்தைக்கும் அவருக்கும் கையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒருவருக்கு நூலைக் கொடுத்தார்கள், ஒருவரிடமிருந்து பிடுங்கினார்கள்.

உலகம் முழுக்க இப்படி இருந்திருக்கிறார்கள். பிரேசிலில் ஆர்த்தூர் பிஸ்போ தோ ரொசாரியோ என்பவர் ஐம்பது வருடங்களாக மனநோய்க் காப்பகத்துக்கு உள்ளும் வெளியுமாக இருந்தார். அங்கே உடுத்தக் கொடுத்த நீலச் சீருடையை இழை பிரித்து, அந்த நூலிலேயே பூவேலை செய்தார். கடவுளைச் சந்திக்கும் நாளில் அணிய என்று ஒரு மேலங்கி செய்து, உள்பக்கத்தில் தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைத் தைத்து வைத்தார். ஜெர்மனியில் அக்னஸ் ரிக்டர் என்ற தையல்காரப் பெண் 1890களில் மனநோய் விடுதியில் இருந்தபோது, அங்கிருந்த துணியில் ஒரு சட்டை தைத்து, அதன் உள்ளும் புறமும் தன் வாழ்க்கையை எழுத்தெழுத்தாகத் தைத்தார். சில வரிகள் உடம்பில் படும் பக்கத்தில் இருந்து தேய்ந்துவிட்டன. ஹைடல்பர்க்கில் இன்னும் அந்தச் சட்டை இருக்கிறது. இவர்கள் யாரும் கலைஞராகப் பேர் வாங்க இதைச் செய்யவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட இடத்தில், நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்ல அவர்களிடம் மிச்சம் இருந்தது அந்த இழை மட்டும்தான்.

நம் பக்கத்தில் கயிறும் சங்கிலியும் மனநோய் வந்தவர்களைக் கட்டிவைக்கத்தான் அதிகம் பயன்பட்டிருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோய்க் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். நீங்கள் பிறக்கும் முன் நடந்ததாக இருக்கலாம். கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மனசு சரியில்லை என்று இன்று நீங்கள் வாய் திறந்து சொல்ல முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அடுத்து ஒன்று. கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா என்று ஒரு முறை இருந்தது. உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எவன் கைப்பற்றுகிறானோ அவனுக்கு அன்றைக்கு வேலை. அந்த வில்லைதான் அன்று அவன் ஆள் என்பதற்கு அடையாளம். அதை எதிர்த்து 1953 செப்டம்பரில் தொழிலாளர்கள் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். டாக்டர் உங்கள் சீட்டில் எழுதுகிற நோயின் பெயரை அந்த வில்லை மாதிரிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மருந்துக்கு அந்தப் பெயர் வேண்டும், வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் சில பிள்ளைகள் முதல் சிற்பத்திலும் அதையே செய்கிறார்கள், பத்தாவது சிற்பத்திலும் அதையே செய்கிறார்கள். பதற்றம் என்று ஒன்று, மனச்சோர்வு என்று ஒன்று, மறுபடியும் பதற்றம். உனக்கு மாம்பழம் பிடிக்காதா? தாத்தாவோடு சண்டை போட்டதில்லையா? மழையில் நனைந்து வந்து அடி வாங்கியதில்லையா? அதுவும் நீதான். அதையும் செய். மிருணாளினியின் கயிறுகளில் பூ இருக்கிறது, பாம்பு இருக்கிறது, காடு இருக்கிறது. ஒரு மனுஷிக்குள் அவ்வளவுக்கும் இடம் இருந்தது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாடியில் இருந்த பெண் அந்தக் கயிற்று உருவத்தை முடித்த பிறகு முகம் தெளிந்து இருந்தாள். எனக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் பழையபடி இருட்டில் உட்காரத் தொடங்கினாள். மெல்ல விசாரித்தால், "கயிறு வேலைதான் எனக்கு மருந்துன்னு மாத்திரையை நிறுத்திட்டேன் டீச்சரம்மா" என்கிறாள். அன்றைக்கே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நூல் வேலை மூச்சை நிதானப்படுத்தும். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஓடுகிற நினைப்பு கொஞ்சம் நிற்கும். சொல்ல முடியாததை வெளியே எடுத்து, கண்ணுக்கு முன்னால் வைத்து, சுற்றி நடந்து பார்க்க வைக்கும். இவ்வளவும் உண்மை, நானே அனுபவித்தது. ஆனால் மாத்திரை செய்கிற வேலையை அது செய்யாது, மாத்திரையும் இது செய்கிற வேலையைச் செய்யாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிற ராத்திரியில் கயிற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம். கயிற்றை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, கூட இருக்கிற ஒருவரை எழுப்புங்கள். யாரும் இல்லை என்றால் 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய இலவச உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

செய்ததை யாருக்குக் காட்டுவது? முடித்த அன்றே படம் எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தால், எந்தப் பதற்றத்தை வெளியே எடுத்தீர்களோ அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கொஞ்ச காலம் உங்களோடு இருக்கட்டும். லூயிஸ் பூர்ஷ்வா என்ற பெரிய சிற்பியின் அம்மா பாரிஸ் அருகே பழைய திரைச்சீலைகளைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்தியவர். அந்த நூலுக்கு நடுவில் வளர்ந்த மகள், தான் உடுத்திய பழைய துணிகளையே வெட்டித் தைத்துச் சிற்பம் செய்யத் தொடங்கியது எண்பது வயதுக்குப் பிறகு. அத்தனை வருடங்கள் அந்தத் துணிகள் பெட்டியில் இருந்தன. அவசரம் ஒன்றும் இல்லை, மக்களே.

காட்டுவதைவிடக் கற்றுக்கொடுப்பது மேல். எங்கள் ஊர் யூதர் தெருவான ஜூ டவுனில் சாரா கோஹன் அம்மாளின் பூவேலைக் கடையை இந்தத் தெருவுக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1568இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்தில்தான். உறவுகள் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குப் போன பிறகும் அவர் இங்கேயே இருந்து, யூதர்கள் தலையில் அணியும் தொப்பிகளையும் பண்டிகை ரொட்டியை மூடும் துணிகளையும் தைத்துக்கொண்டிருந்தார். வயது ஏறிக் கை தளர்ந்தபோது அவரிடமிருந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டு கடையையும் அவரையும் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம், ஒரு முஸ்லிம். 2019 ஆகஸ்டில், 96 வயதில் சாரா அம்மாள் காலமானார். கடை இன்னும் இருக்கிறது. ஒரு சமூகத்தில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் போகும் நிலையிலும் தான் யார் என்பதைத் தையலில் வைத்திருந்தார், அதை வேறொரு வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டும் போனார்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து வடக்கே சேந்தமங்கலத்தில் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த கைத்தறிச் சேலைகள் எல்லாம் சேற்றில் ஊறிப்போயின. எரிப்பதைத் தவிர வழியில்லை என்றிருந்தபோது லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அவற்றைக் கிருமி போகக் கொதிக்கவைத்து, வெட்டி, சின்னப் பொம்மைகளாகக் கட்டவைத்தார்கள். சேக்குட்டி என்று பெயர். ஒரு சேலையில் 360 பொம்மை, ஒன்று 25 ரூபாய். கறையை மறைக்கவில்லை. அது பொம்மையின் முகத்திலேயே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் ஊர் ஊராக உட்கார்ந்து கட்டினார்கள். தறி இழந்த நெசவாளிக்கு அந்தப் பணம் போனது. தனியாக அறையில் உட்கார்ந்து உங்களைப் பற்றிச் செய்கிற வேலைக்கு நடுவே, நாலு பேரோடு சேர்ந்து இப்படி ஒன்றும் செய்யுங்கள். மனசுக்கு இரண்டும் வேண்டும்.

கொச்சி மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இடவப்பாதி மழை தொடங்கினால் தென்னங்கயிறு ஈரத்தை இழுத்துக் கனத்துவிடும், பருத்தியில் பூஞ்சணம் பூக்கும். உருவத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். காய்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டி உள்ளே போடுங்கள், வெயில் வரும்போதெல்லாம் முற்றத்தில் வையுங்கள். சிலது வேண்டாம் என்று தோன்றினால் பிரித்துவிடலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. பிரித்த கயிறு நெளிநெளியாக இருக்கும். தண்ணீரில் நனைத்துக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராகி அடுத்த வேலைக்கு உதவும்.

கடைசியாக, இதைப் படிக்கும் பெற்றோருக்கும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு தையல் வகுப்பு இருந்தது, அதுவும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். பையன்கள் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பிறகு தேர்வுக்குப் படிக்கிற நேரம் போகிறது என்று அதையும் பல பள்ளிகளில் எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து வையுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், கண்காட்சி வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு வகுப்பு, ஒரு கண்டு நூல், தொந்தரவு செய்யாத ஒரு டீச்சர், இவ்வளவு போதும். உங்கள் வீட்டுப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்றால் கூட்டிப் போங்கள், நூலும் கூடவே வரட்டும்.